படலைக்காரன்

செவ்வாய்க்கிழமை, இரண்டரைக் காட்சி.
என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.
மருந்துக்கடையில் அரைநாள் லீவு,
காரணம் பல்வலி என்று எழுதிக் கொடுத்தேன்.
நாற்பத்தொன்பது வயசில்
பறக்கும் நாகம் பார்க்கப் போகிறேன் என்று
எழுதேலாது.

திரையில் முதலில் பனி.
பனி மெத்தென்று இருக்குமாம்,
இன்றைக்குத்தான் தெரியும்.
நான் வாசித்த பனி செம்மணி வெளியின் உப்பு.
மிதித்தால் கரகரக்கும். நாக்கில் கரிக்கும்.
என் இளவரசி அதற்குள்ளால்
வெடித்த குதிக்காலோடு இரண்டு பாகம் நடந்தவள்.
இவளுக்குச் சப்பாத்து,
நல்ல தோல்.

மந்திரவாதி வாய் திறந்தார்.
சென்னையில் யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள்.
"என்னப்பா, வழி தெரியலையா?" என்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முப்பது வருசமாய் எனக்குள் அவர்
பருத்தித்துறைத் தமிழ்,
கொஞ்சம் மூக்கால்,
எங்கள் இரசாயன மிஸ் மாதிரி.

புத்தகங்கள் குருநகர் ஜெசிந்தாவினுடையவை.
மாமன்காரன் கப்பலில் வேலை செய்தவர்.
ஜாம் போத்தல் விளக்கில்
ஓர் இரவுக்கு எட்டுப் பக்கம்,
அதற்குமேல் மண்ணெண்ணெய் இல்லை.
தெரியாத சொல்லுக்கு அவள் ஒரு கருத்துச் சொல்வாள்,
நான் ஒன்று சொல்வேன்,
எது வடிவாய் இருக்கிறதோ அது சரி.

கோட்டை வாசலில் ஒருவன் நிற்பான்.
ஆங்கிலத்தில் அவனுக்கு நீளமான பட்டம்.
நாங்கள் படலைக்காரன் என்றோம்.
ஒரு கண் தெரியாது.
யார் வந்தாலும் பெயர் கேட்பான்,
கேட்ட பெயரை ஒருக்கால் திருப்பிச் சொல்லிப் பார்ப்பான்,
பிறகுதான் திறப்பான்.
கதையில் அவனுக்கு வேறு வேலை இல்லை.

மூன்றாம் பாகத்தின் நடுவில்
ஊரே எழும்பி நடந்தது.
பைக்குள் அரிசி, அம்மாவின் குளிசைகள்.
புத்தகத்தை அலுமாரிக்கு மேல் வைத்தேன்,
நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்கு என்ற கணக்கில்.

ஆறு மாதம்.
ஓடில்லாத கூரைக்குக் கீழே
மாரி முழுக்கக் குடித்துக் கிடந்தது அது.
இருநூற்றுப் பதின்மூன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை
ஒரே பலகை.
அதற்கு முதல் பக்கத்தில்
எதிரி பாலத்தில்,
அவன் படலையைச் சாத்தப் போகிறான்.
அடுத்ததில்
எங்கேயோ ஒரு தோட்டம், அப்பிள் பூத்திருக்கிறது,
சண்டை முடிந்துவிட்டது.
அவனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

கேட்க ஜெசிந்தாவும் இல்லை.
வன்னி என்றார்கள், பிறகு மன்னார் என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடம் வந்தது.
பாலம். தீ. நாகம் தாழப் பதிந்து வருகிறது.
அந்தச் சத்தம் மட்டும் அச்சொட்டு.
முன் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.
கதவு தானாய்ச் சாத்துகிறது.
நீல வெளிச்சம், மந்திரமாம்.
வாசலில்
ஒருவரும் இல்லை.

வெளியே வருகிற வழியில்
கறுப்பு ரீசேட் போட்ட பெடியனை மறித்தேன்.
"தம்பி, புத்தகம் வாசிச்சனீரோ?"
"மூண்டும் வாசிச்சனான் அன்ரி."
"வாசலிலை ஒருத்தன். ஒரு கண் தெரியாது. பெயர் கேக்கிறவன்."
யோசித்தான், பாவம்.
"அப்பிடி ஓராள் ஞாபகமில்லை.
பொறுங்கோ, ஃபோனிலை தேடிப் பாக்கிறன்."
"வேண்டாம்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன் போல,
பொப்கோர்ன் விற்கிற பிள்ளை திரும்பிப் பார்த்தது.

கேத்தல் ஆவியில் பிடித்தால்
ஒட்டின தாள் விடும் என்று எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டில் கேத்தல்
ஒரு நாளைக்கு மூன்று தரம் கொதிக்கிறது.

காலையில் கடை திறக்கும்போது
முதலாளி கேட்டார்,
"என்ன பிள்ளை, பல்லைப் பிடுங்கியாச்சோ?"
"இல்லை ஐயா," என்றேன்,
"அப்பிடியே விட்டாச்சு."